லேப்டாப் பேட்டரி வீங்கினால் தாமதம் வேண்டாம்!

நாகர்கோவில் மார்க்கத்திலிருந்து காலையில் திருவனந்தபுரம் செல்லும் ரெயில்களில் குழித்துறையிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ஏறுகிறவர்களைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். இந்தப் பாதை திறக்கப்பட்ட 1979-ம் ஆண்டில் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு டிபன் காரியரும் குடையும் போதுமானதாக இருந்தது. இப்போது முதுகில் ஒரு லேப்டாப் பையும் ஏறிக்கொண்டது.

குமாஸ்தாக்கள் மட்டும் அல்ல. காரோடு, செங்கல், குளத்தூர் பக்கங்களில் வாடகை அறை எடுத்துக் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போகிற தமிழ்த் தொழிலாளர் வீடுகளிலும், படிக்கிற பிள்ளைக்காக ஒரு லேப்டாப் இருக்கிறது. புதிதாக வாங்கியது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் கை மாறி வந்தது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் படித்த அண்ணனுக்குக் கிடைத்தது, இந்தப் பக்கம் குடியிருக்கும் தங்கைக்கு வந்து சேர்ந்தது. கேரளத்தில், பள்ளிக்கூடங்கள் அடைத்துக் கிடந்த காலத்தில், கே.எஸ்.எப்.இ.யும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து ‘வித்யாஸ்ரீ’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. மாதம் 500 ரூபாய் கட்டிச் சில வீடுகளில் லேப்டாப் வாங்கினார்கள். இவை தவிர, கம்பெனிகள் கழித்துக் கட்டிய பழைய லேப்டாப்புகள் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன.

மூன்று வகைக்கும் பொதுவான ஒன்று உண்டு. மெஷின் நன்றாக ஓடும். பேட்டரிதான் கிழடு தட்டியிருக்கும்.

கடையில் நடக்கும் பேரம்

பாறசாலையிலோ களியக்காவிளையிலோ ஒரு ரிப்பேர் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

“அண்ணாச்சி, புது பேட்டரி எல்லாம் வேண்டாம். உள்ளே இருக்கிற செல்லை மட்டும் மாத்தித் தர முடியுமா?”

“தரலாம் சார். ஆனா ரெண்டு மாசத்திலே திரும்ப வந்து என்னைத் திட்டப்பிடாது.”

“ஒரு ரெண்டு மணிக்கூர் நின்னாப் போதும். பிள்ளைக்குப் பரீட்சை வருது.”

கேட்கிறவர் மீது குற்றம் இல்லை. கம்பெனி பேட்டரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. உள்ளே செல் மாற்றினால் அதில் பாதிகூட ஆகாது. மாதக் கடைசியில் அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். ஆனால் இந்த ஒரு பேரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது ஆபத்து. ஏன் என்று தெரிந்துகொள்ள, அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன?

வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரி. அதற்குத் தண்ணீர் ஊற்றலாம், மூடியைத் திறக்கலாம், பழுதானால் உடைத்து ஈயத்தை எடுத்து விற்கவும் செய்கிறார்கள். டார்ச் லைட் செல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தீர்ந்துபோன செல்லை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு ராத்திரி ஓட்டியவர்கள் நம் வீடுகளில் உண்டு. இந்தப் பழக்கம் எல்லாம் லேப்டாப் பேட்டரிக்குச் செல்லாது.

இது லித்தியம்-அயான் பேட்டரி. 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. சிறிய இடத்தில் மிகுந்த சக்தியை அடைத்துவைக்கிறது என்பதே இதன் பெருமை. அதுவே இதன் அபாயமும்.

ஒவ்வொரு செல்லிலும் இரண்டு தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இடையில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். அந்தப் படலம் ஓர் இடத்தில் கிழிந்தால் இரண்டு தகடுகளும் தொட்டுக்கொள்ளும். உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அங்கே பிறக்கும் சூடு பக்கத்துச் செல்லையும் சூடாக்கும். அது அதற்கு அடுத்ததை. தொடங்கிவிட்டால் சுவிட்சை அணைத்து நிறுத்த முடியாது.

பேட்டரி வயதானாலும், அதிகச் சூடு பட்டாலும், உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. மெல்லிய பை போன்ற செல்லாக இருந்தால் அந்த வாயு அதை அப்பளம் போல உப்பவைக்கிறது. இதைத்தான் ‘பேட்டரி வீங்கிவிட்டது’ என்கிறோம். வீங்கிய பேட்டரியும் கரண்ட் கொடுக்கும். லேப்டாப் ஓடும். “ஓடுகிறதே, என்ன கெட்டுப்போயிற்று?” என்று பலரும் அப்படியே வைத்துக்கொள்வது அதனால்தான். வீக்கம் என்பது கெடப்போகிறது என்பதற்கு அடையாளம் அல்ல. கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

பேட்டரி உள்ளே மறைந்திருக்கும் மாடல்களில் வீக்கம் நேரடியாகக் கண்ணில் படாது. மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடும். நான்கு காலும் தரையில் படியாது. மவுஸுக்குப் பதிலாக விரலால் தேய்க்கும் பலகை அமுங்காமல் விறைக்கும், அல்லது மேலே எழும்பி நிற்கும். கீ-போர்டு நடுவில் மேடு தட்டும். அடிமூடியின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். பழம் அழுகியது போலவோ நெயில் பாலிஷ் போலவோ ஓர் இனிப்பு வாடை வந்தால், திரவம் கசிகிறது என்று அர்த்தம். இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட வேண்டும். மூடியை அமுக்கி ஸ்குரூவை முறுக்கி ‘சரி’ செய்யக் கூடாது.

வீங்காத பேட்டரியும் கிழடாகும். சுமார் 300 முதல் 500 முறை முழுதாக இறங்கி ஏறினால் அதன் கொள்ளளவு குறையத் தொடங்குவது இயல்பு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்று ஓர் அறிக்கை எடுக்கலாம். கடையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டுவார்கள். அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று, புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு. மற்றது, இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் அளவு. 48 ஆயிரம் என்று இருந்தது 24 ஆயிரம் என்று காட்டினால் பாதி ஆயுள் போய்விட்டது. பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன்பு இந்த அறிக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது. திரையையும் கீ-போர்டையும் தடவிப் பார்ப்பதைவிட இதில் விஷயம் அதிகம்.

செல் மாற்றுவதில் என்ன தவறு?

பழைய மாடல் பேட்டரிக்குள் விரல் கனத்தில் உருளைச் செல்கள் ஆறு இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொன்றும் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். இவற்றோடு ஒரு சின்ன சர்க்யூட் பலகையும் உண்டு. அதுதான் காவல்காரன். எந்தச் செல் அதிகம் ஏறுகிறது, எது சூடாகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டித்துவிடும்.

செல் மாற்றுகிற பெஞ்சில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. தொழிற்சாலையில் நொடிப்பொழுது ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டிய பட்டையைப் பிய்த்துவிட்டு, செல்லின் முகத்திலேயே சால்டரிங் இரும்பை வைத்துச் சுடுகிறார்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் படலத்துக்குப் பகை. அடுத்து, வெவ்வேறு பேட்டரியிலிருந்து உருவிய பழைய செல்களை ஒன்றாகக் கோத்துவிடுகிறார்கள். ஆறு மாடு பூட்டிய வண்டியில் ஒன்று நொண்டி என்றால் மற்றவை என்ன பாடுபடும்? மூன்றாவது காரியம்தான் மோசம். காவல்காரப் பலகை புதுச் செல்லை ஏற்றுக்கொள்ளாமல் பூட்டிக்கொண்டால், அதைச் சுற்றிக்கொண்டு நேராக ஒயர் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நெடுநாள் பெட்டியில் கிடந்து அடியோடு இறங்கிப்போன செல்லுக்கு வெளியிலிருந்து ‘உயிர்’ கொடுப்பதும் இதே ரகம்தான். மிகக் கீழே இறங்கிய செல்லில் தகட்டின் செம்பு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏறும்போது கண்ட இடத்தில் படியும். அங்கேதான் ஷார்ட் ஆகும். பிரிட்ஜில் வைத்தால் பேட்டரி பிழைக்கும் என்று ஒரு கதை உலவுகிறது. ஈரம் கோத்துக்கொள்வதைத் தவிர ஒரு பலனும் இல்லை.

உலகப் பெரிய கம்பெனிகளே இதில் அடிவாங்கியிருக்கின்றன. 2006 ஆகஸ்டில் டெல் கம்பெனி 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. சோனி தயாரித்த அந்தச் செல்களுக்குள் தயாரிப்பின்போது நுண்ணிய உலோகத் துகள்கள் விழுந்திருந்ததே காரணம். மறு ஆண்டு ஆகஸ்டில் நோக்கியா தன்னுடைய பி.எல்.-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சத்தைப் பற்றி எச்சரிக்கை விட்டதும், நம் ஊர்களில் ஆளாளுக்குப் போனைத் திறந்து பேட்டரி நம்பரைப் பார்த்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2019-ல் ஆப்பிள் தன் 15 அங்குல மேக்புக் புரோ சிலவற்றின் பேட்டரியைத் திரும்பப் பெற்றபோது, அவற்றை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் கேட்டுக்கொண்டது. தூசி புகாத தொழிற்சாலையில் நடந்த பிழைக்கே இவ்வளவு என்றால், காற்றாடி சுழலும் கடைப் பெஞ்சில் நடக்கும் வேலையை என்ன சொல்வது!

திறமையான மெக்கானிக்குகள் இங்கே இல்லை என்பதல்ல. மதர்போர்டில் கண்ணுக்குத் தெரியாத புள்ளியைத் தொட்டு உயிர் கொடுக்கிற கைகள் இந்த எல்லைக் கடைகளில் உண்டு. அந்தக் கைகளே பேட்டரி விஷயத்தில் “முழுசா மாத்திடுங்க சார்” என்று சொன்னால், கமிஷனுக்காகச் சொல்கிறார் என்று சந்தேகப்பட வேண்டாம்.

புது பேட்டரி வாங்கும்போது

லேப்டாப் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட, பழைய பேட்டரியின் முதுகில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குவதே சரி. ஒரே மாடல் லேப்டாப்பில் இரண்டு மூன்று வகை பேட்டரி வருவதுண்டு. வோல்ட் எண் ஒத்துப்போக வேண்டும். வாட்-மணி என்ற அளவையும் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் இது வரும். 11.1 வோல்ட், 4.4 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 49 வாட்-மணி. இந்தக் கணக்கு லேபிளில் பொருந்தாவிட்டால் சரக்கு போலி. தனி உருளைச் செல் ஒன்றில் 9,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். நல்ல கம்பெனிச் செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இந்தியாவில் விற்கும் இந்த வகை பேட்டரிக்கு ஐ.எஸ். 16046 என்ற தர எண் கட்டாயம். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். சார்ஜருக்கும் இப்படிப் பதிவு எண் உண்டு. பேட்டரியை மாற்றிவிட்டு, ஒயர் பிய்ந்து டேப் சுற்றிய பழைய டூப்ளிகேட் சார்ஜரையே குத்துவதில் பிரயோஜனம் இல்லை.

‘அங்கே போனால் வரி குறைவு’ என்று எல்லை தாண்டிப் போய் வாங்கும் வழக்கம் பழைய நாளிலிருந்து வருவது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இரண்டு பக்கமும் வரி ஒன்றுதான். எந்தப் பக்கம் வாங்கினாலும் பில் வாங்க வேண்டும். பில்லில் பார்ட் நம்பரும் வாரண்டி மாதமும் எழுதச் சொல்ல வேண்டும். பில் இருந்தால், கடைக்காரர் கைவிரித்தாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில் இல்லாவிட்டால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

மாற்றும் முறை

பழைய மாடலில் அடியில் இரண்டு கொக்கிகளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். அதை யாரும் மாற்றலாம். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை முழுதாக அணைத்த பிறகு செய்ய வேண்டும், அவ்வளவே.

உள்ளே பதிந்த பேட்டரி வேறு சமாச்சாரம். கழற்றும் முன்பு, வீக்கம் இல்லாவிட்டால், சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டிவிடுவது நல்லது. சக்தி குறைவாக இருந்தால் தவறு நேர்ந்தாலும் சேதம் குறைவு. வீங்கிய பேட்டரி என்றால் ஓட்டவும் வேண்டாம்; உடனே அணைத்துவிட வேண்டும். அணைத்த பின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடிக்க வேண்டும். ஸ்குரூக்கள் ஒரே நீளம் அல்ல. எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு அந்தந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நீளமான ஸ்குரூவைக் குட்டைத் துளையில் முறுக்கிப் புது பேட்டரியைக் குத்திவிட்ட கதைகள் உண்டு.

மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைப் பிடுங்குவது. மற்ற எதையும் அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். சில மாடல்களில் பேட்டரியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். இங்கேதான் பலர் அவசரப்பட்டு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்புகிறார்கள். இரும்பு முனை பையில் பட்டால் அந்த நிமிடமே புகை. பிளாஸ்டிக் அட்டையை மெல்லச் சொருகி, பேட்டரி வளையாமல், பொறுமையாக எடுக்க வேண்டும். வீங்கியதும் ஒட்டியதும் ஆன பேட்டரியை வீட்டில் தொடாமல் கடையில் கொடுப்பதே புத்திசாலித்தனம். வீங்கிய பையை ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று எந்த வீடியோ சொன்னாலும் கேட்கக் கூடாது.

புது பேட்டரி போட்ட பிறகு அது நெடுநாள் உழைக்க இரண்டு விஷயம் போதும்: சூடு ஆகாது, எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்கவும் ஆகாது. மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டினால் காற்றுத் துளை அடைபடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுப் போகக் கூடாது. ஆபீஸில் நாள் முழுதும் சார்ஜரில் குத்தியே வேலை செய்கிறவர்களுக்காக, 80 சதவீதத்தில் நிறுத்தும் ஏற்பாடு பல லேப்டாப்புகளில் இருக்கிறது. துலாவர்ஷ மாதங்களில் சாயங்காலம் இடி தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஒரே அறையில் நாலைந்து பேர் படுத்து, ஒரே பிளக்கில் எல்லாருடைய சார்ஜரும் தொங்கும் தொழிலாளர் விடுதிகளில் இன்னொன்றும் உண்டு. இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது. கதவு ஒன்றுதான் இருக்கும். அந்தக் கதவருகில்தான் பிளக்கும் இருக்கும். தீ அங்கே பிடித்தால் வெளியேற வழி இல்லை. சார்ஜ் போடுவதை விழித்திருக்கும் நேரத்தில், துணிமணி இல்லாத சிமெண்டுத் தரையில் வைத்துக்கொள்ளலாம்.

புகை வந்துவிட்டால் முதலில் ஆட்கள் வெளியே போக வேண்டும். அந்தப் புகை நச்சு. எட்ட முடிந்தால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எரியும் லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. மின்சாரம் துண்டான பிறகு, சிறிய தீ என்றால் தூரத்தில் நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். தீயை அணைப்பதோடு பக்கத்துச் செல்களைக் குளிரவைப்பதும் தண்ணீர்தான். அணைந்த மாதிரி தெரிந்து மறுபடி பற்றும் குணம் இதற்கு உண்டு. 101-க்குப் போன் செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வளைகுடா வேலைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிறவர்கள், தனியாக எடுத்துப்போகும் உபரி பேட்டரியைப் பெரிய பெட்டியில் போட்டு ஏற்றக் கூடாது. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். அதுவும் 100 வாட்-மணிக்கு உட்பட்டதாக இருந்தால் தொல்லை இல்லை.

பழையது எங்கே போகிறது?

பேட்டரியை மாற்றியவர் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். கழற்றிய பழையது யார் கைக்குப் போகிறது என்று நினைப்பதில்லை. அது பெரும்பாலும் இன்னொரு தமிழர் கைக்குத்தான் போகிறது.

மலையாளத்தில் ‘ஆக்ரி’, குமரி மாவட்டத்தில் ‘ஆக்கர்’, சென்னையில் ‘காயலான் கடை’. பெயர் எதுவானாலும் கேரளத்தில் பழைய சாமான் எடுக்கும் தொழிலில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். தெருத்தெருவாகப் போய்ப் பழைய பேப்பர், பிளாஸ்டிக், இரும்பு எடுக்கிற அந்தச் சாக்கில் செத்துப்போன லேப்டாப்பும் விழுகிறது. எடுத்தவர் சாயங்காலம் உட்கார்ந்து சுத்தியலால் தட்டிப் பிரிக்கிறார். செம்புக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை. ஈய பேட்டரி உடைத்துப் பழகிய கை, இதையும் அப்படியே உடைக்கப் பார்க்கிறது. லேப்டாப் அணைந்தாலும் பேட்டரிக்குள் பாதிச் சக்தி மிச்சம் இருக்கக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சுற்றிலும் பேப்பர்க் கட்டும் பிளாஸ்டிக்கும்!

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் லேப்டாப், போன் பேட்டரிகளை உடைக்காமல் முழுதாகவே தனியாக எடுத்துவைக்க வேண்டும். உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட ஒரு தகர டின்னில், பேப்பர்க் கட்டுக்குத் தூரத்தில் வைக்கலாம். வீங்கியதைக் கூரைக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும்.

மத்திய அரசு 2022 ஆகஸ்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்றும், வாங்குகிறவர் அதை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது என்றும் அந்த விதிகள் கூறுகின்றன. கேரளப் பஞ்சாயத்துகளில் வீடு வீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள்தான் இதற்குக் கிடைக்கும் அருகாமை வழி. அவர்கள் சேகரிக்கும் மின்னணுக் கழிவு அரசு நிறுவனமான கிளீன் கேரளா கம்பெனி வழியாக மறுசுழற்சிக்குப் போகிறது. வாடகை அறையில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டால் அவர்கள் வரும் நாள் தெரியும். பேட்டரியை பிளாஸ்டிக் சாக்குக்குள் திணித்துவிடாமல், டேப் ஒட்டித் தனி உறையில் வைத்து, “இது லேப்டாப் பேட்டரி, சேச்சி” என்று வாயால் சொல்லியே கொடுக்க வேண்டும். சாக்கோடு சாக்காகப் போனால், கழிவைக் கட்டாக அமுக்கும் மெஷினுக்குள் அது போய்ச் சேரும். மெஷின் அருகில் நிற்பவர்களுக்கு அது தெரியாது.